பயந்த பிள்ளைக்கு ஒரு குதிரை

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி இருபது நிமிடத்துக்குக் கோகோ தன் இரண்டு காதுகளையும் முன்னால் நீட்டியது. நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். பிள்ளையை இறக்கித் தண்ணீர் கொடுக்கலாமா என்று அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். குதிரையின் மேல் இருந்தவள் என் மகள் பெர்னதெத். ஒன்பது வயது. வீட்டில் பெர்னி என்போம்.

பயந்த குதிரையும் காதை முன்னே நீட்டும். ஆனால் கூடவே உடம்பு விறைக்கும், மூக்குத் துளை விரியும், கண்ணின் வெள்ளை தெரியும். கோகோவிடம் இவை எதுவும் இல்லை. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலக் கழுத்தை வளைத்து நின்றது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் குதிரைகளோடு இருந்தவன் நான். அந்த ஒரு நொடியில் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இதை எழுதும்போது மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்னும் கோபம் அடங்கவில்லை. என்னிடம் பழகி, இப்போது வேறு ஊர்களில் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் இளைஞர்கள் சிலர் கேட்டார்கள்: "சார், உங்க பொண்ணுக்கே இப்படின்னா, நாங்க எப்படிக் குதிரை பாக்கறது?" அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர். குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்தபோது குதிரைப் பிரிவில் போட்டார்கள். அதுவரை குதிரையைக் காலண்டரில்தான் பார்த்திருந்தேன். இருபத்து நான்கு வருடம் கழித்துக் குதிரையேற்றப் பயிற்சியாளராக ஓய்வுபெற்று வந்தேன்.

அங்கே எங்களுக்கு மேலதிகாரியாக ஒரு ரிசல்தார் இருந்தார். ராஜஸ்தான்காரர். யாரையும் பாராட்டமாட்டார், யாரையும் திட்டவும் மாட்டார். ஏலக்காயை மென்றுகொண்டு கையைப் பின்னால் கட்டி நிற்பார். புதுக் குதிரை வந்தால் நாங்கள் எல்லாரும் வயதைக் கணிக்கப் பல்லைப் பார்க்க ஓடுவோம். அவர் குதிரையின் பக்கமே திரும்பமாட்டார். குதிரையோடு வந்த ஆளைப் பார்த்து, "இதை யார் வளர்த்தது?" என்று இந்தியில் கேட்பார். பதில் கிடைக்கும்வரை அடுத்த வேலை நடக்காது.

ஒருமுறை அதிகாரிகளின் பிள்ளைகளுக்கென்று அழகான சின்னக் குதிரை ஒன்று வந்தது. காகிதமெல்லாம் சுத்தம். ரிசல்தார் விடுமுறையில் இருந்ததால் நாங்களே ஏற்றுக்கொண்டோம். மறுவாரம் கர்னலின் மகன் அதன்மேல் உட்கார்ந்து ஜாலியாக விசில் அடித்தான். குதிரை மைதானத்தின் நடுவில் நின்று, கால்களை அகட்டி, சாவகாசமாக மூத்திரம் பெய்தது. மீண்டும் விசில் அடித்தான். மீண்டும் நின்றது. வளர்த்தவர் குதிரையை மூத்திரம் போகவைக்க விசில் அடித்துப் பழக்கியிருக்கிறார். லாயங்களில் இது வழக்கம்தான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். திரும்பிவந்த ரிசல்தார் மட்டும் சிரிக்கவில்லை. "விசிலோடு போயிற்று. நல்ல காலம்" என்றார்.

ஓய்வுக்குப் பிறகு திருமுல்லைவாயிலில் வீடு. குத்தம்பாக்கம் போகிற வழியில் புதிதாகத் தொடங்கிய ஒரு குதிரையேற்றப் பள்ளியில் வேலை. முதலாளி முரளி, நாற்பது வயது, மனை வியாபாரத்திலிருந்து இதற்கு வந்தவர். அவர் பேச்சில் இனிப்பைத் தவிர வேறு எதுவும் இருக்காது. தோளில் கை போடுவார். நாம் கேள்வி கேட்டால் பாராட்டைப் பதிலாகத் தருவார். "இந்தச் சேணத்தோட வார் இத்துப் போயிருக்கு, மாத்தணும்" என்றால், "இதாங்க மிலிட்டரி கண்ணு! எக்ஸ்ரே சார் நீங்க" என்பார். வார் மாறாது.

குதிரைகளை அவர் கைப்பேசியில் வீடியோ பார்த்து வாங்குவார். இப்போது எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறார்கள் என்கிறார்கள். அரை நிமிட வீடியோவில் குதிரை நடக்கும், ஒரு பிள்ளை அதன்மேல் சிரிக்கும், பின்னால் பாட்டு ஓடும். அந்த அரை நிமிடத்துக்கு முன்னால் அந்தக் குதிரையை எத்தனை மணிநேரம் ஓடவிட்டுக் களைக்க வைத்தார்கள் என்று எந்த வீடியோ காட்டும்?

பயந்த பிள்ளைக்குக் குதிரை பார்ப்பது தனி வேலை. முதலில், சொல்லாமல் போக வேண்டும். போனதும் குதிரையின் மார்பிலும் முன்னங்கால்களுக்கு நடுவிலும் சேணம் வைக்கும் இடத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். உப்புப் பூத்த முடியோ உலராத ஈரமோ இருந்தால், வாங்க வருபவருக்காக அதை ஓட்டிக் களைக்க வைத்திருக்கிறார்கள். அப்படியே திரும்பிவிடலாம். வயது பத்துக்கு மேல் இருக்கட்டும். பிள்ளையின் குதிகால் குதிரையின் வயிற்றைத் தாண்டித் தொங்கக்கூடாது. பாதி வயிற்றோடு நின்றுவிடவும் கூடாது. முந்தின நாள் முழுக்க ஓய்வு கொடுத்துவிட்டு ஏறிப் பார்க்க வேண்டும். மற்றக் குதிரைகளைவிட்டு விலகிப் போகுமா, லாயத்தின் பக்கம் திரும்பும்போது வேகம் பிடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பிள்ளை சறுக்குவதுபோல நாமே ஒரு பக்கமாகச் சரிந்து இறங்க வேண்டும். நல்ல குதிரை நின்று காத்திருக்கும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. பயந்த பிள்ளை தொடையை இறுக்கும். அது குதிரைக்கு 'போ' என்று அர்த்தம். அதே நேரத்தில் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கும். அது 'நில்' என்று அர்த்தம். சுறுசுறுப்பான குதிரை இரண்டையும் உடனே கேட்டுக் குழம்பிப்போகும். எனவே நமக்குத் தேவை, அரை நொடி யோசித்து, 'இது சும்மா பயந்திருக்கிறது' என்று விட்டுவிடுகிற கொஞ்சம் மந்தமான குதிரை. அழகு எதற்கும் உதவாது.

பெர்னி சைக்கிளுக்கே பயப்படுகிறவள். பயம் வந்தால் உதட்டுக்குள் ஏழாம் வாய்ப்பாடு சொல்வாள். அவளைக் குதிரை ஏற்ற ஆசைப்பட்டது நான்தான். அதை மறைக்க விரும்பவில்லை. பள்ளியில் இருந்த குதிரைகளில் அவளுக்குத் தோதானது ஒன்றும் இல்லை. முரளியிடம் சொன்னேன். இரண்டே வாரத்தில் வண்டியில் கோகோ வந்து இறங்கியது. பழுப்பு நிறம், நெற்றியில் சிறு வெள்ளை.

"முன்னாடி யார்கிட்ட இருந்தது?" என்று கேட்டேன். கேட்கத்தான் செய்தேன்.

"ஊட்டிப் பக்கம் ஒரு எஸ்டேட் சார். அவங்க பசங்க ஓட்டினது. பசங்க ஃபாரின் போயிட்டாங்க. பக்கா ஃபேமிலி குதிரை."

"பாத்துக்கிட்ட ஆளோட நம்பர் குடுங்க. ஒரு வார்த்தை பேசணும்."

"இப்பவே அனுப்பறேன் சார். நீங்க பாத்து ஓகே சொன்னா அப்பீல் ஏது?"

நம்பர் வரவில்லை. இரண்டு முறை நினைவூட்டினேன். மூன்றாவது முறை கேட்கவில்லை. இடையில் பெர்னி வந்து கோகோவைப் பார்த்துவிட்டாள். கை நீட்டியதும் அது உதட்டால் அவள் விரல்களை மெதுவாகத் துழாவியது. என் மகள் ஒரு குதிரையின் பக்கத்தில் நின்று சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. வேறொருவர் பிள்ளையாக இருந்திருந்தால் நம்பர் வரும்வரை சேணம் போட விட்டிருக்கமாட்டேன். என் பிள்ளை என்பதால் விட்டேன். ஊரில் உள்ள அப்பாக்களெல்லாம் தங்கள் பிள்ளை என்றால் இன்னும் கவனமாக இருப்போம் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சோதனைகளில் குறை வைக்கவில்லை. குடையை விரித்தேன், பிளாஸ்டிக் கவரை முகத்தருகே ஆட்டினேன், புல்லட்டை உறுமவிட்டேன். பக்கத்துக் காலி மனையில் சரவெடி கொளுத்தச் சொன்னேன். கோகோ வாலைக்கூட ஆட்டவில்லை. நான் பூரித்துப்போனேன். எஸ்டேட்டில் வளர்ந்த குதிரை சரவெடிக்கு எங்கே பழகியது என்ற கேள்வி எனக்கு வரவில்லை. முன்னங்கால் இரண்டிலும் குளம்புக்கு மேலே முடி தேய்ந்து, வளையம்போலத் தழும்பு இருந்தது. மேயவிடும்போது முன்னங்கால்களைச் சேர்த்துக் கட்டுவார்கள், அதன் தழும்பு என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். ராணுவத்தில் குதிரை எதற்கெல்லாம் மிரளும் என்று பார்க்கத்தான் எங்களைப் பழக்கினார்கள். மிரளவில்லை என்றால் தேர்ச்சி. அது எதையெல்லாம் கற்றுவைத்திருக்கிறது என்று ஒரு சோதனையும் நான் செய்யவில்லை.

ஆறு பாடம் நல்லபடியாக நடந்தது. ஏழாவது பாடத்தில், அந்த ஞாயிற்றுக்கிழமை, முதல்முறையாக, நான் பிடித்து நடத்தும் கைக்கயிற்றைக் கழற்றினேன். மைதானத்தின் நடுவில் நான் நிற்க, பெர்னி என்னைச் சுற்றி வட்டமாக வந்துகொண்டிருந்தாள். "ஏழஞ்சு முப்பத்தஞ்சு" என்று என் காதுக்குக் கேட்டது. வேலியோரம் நின்று முரளி வழக்கம்போல வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

வேலிக்கு அந்தப்பக்கச் சாலையில் ஒரு கல்யாணக் கூட்டம். சீர்வரிசைத் தட்டுகளோடு மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். முதலில் வெடி வெடித்தார்கள். கோகோ நடந்துகொண்டே இருந்தது. அப்புறம் பேண்டு செட் அடிக்கத் தொடங்கியது. ஐந்து இருபது.

காது முன்னே போனது. கழுத்து வளைந்தது. வலது காலைத் தூக்கி வைத்தது, மறுபடியும் வலது, பிறகு இடது. மேளத்துக்குச் சரியாக. அது ஆடுகிறது என்று எனக்கு உறைப்பதற்குள் பேண்டு ஓர் உருட்டு உருட்டி நிறுத்தியது. கோகோ பின்னங்கால்களில் எழுந்து நின்றது. பெர்னி கத்தவில்லை. கடிவாளத்தை விட்டுவிட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டாவது உருட்டில் கோகோ இன்னும் உயர்ந்து இரண்டு எட்டு நடந்தது. அப்போது அவள் சறுக்கி, இடது தோள் தரையில் அடிக்க விழுந்தாள். ஓடினேன். என் கால் இத்தனை மெதுவாக எப்போதும் ஓடியதில்லை.

கோகோ அவளை மிதிக்கவில்லை. காலை ஊன்றி, தலையைத் தாழ்த்தி, யாரோ வாயில் வெல்லம் வைப்பார்கள் என்பதுபோல நின்றது. அதன் முன்னங்கால் தழும்புகள் என் கண்ணுக்கு நேரே இருந்தன. சலங்கை கட்டிய தழும்பு. கல்யாண ஊர்வலத்தில் ஆடுகிற குதிரை.

முரளி ஓடி வந்தார். பிள்ளை தரையில் கிடக்கும்போது அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "பாப்பா கடிவாளத்த இழுத்துடுச்சே சார்!"

பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில், தோளருகே காறை எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். கட்டுப் போட்டார்கள். என் மனைவி திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். முரளி ஆப்பிளும் கையுமாக மறுநாள் வந்தார். கையோடு பள்ளியின் விபத்துப் பதிவேட்டையும் கொண்டுவந்திருந்தார். அதில், 'மாணவி பதற்றத்தில் கடிவாளத்தை இழுத்ததால் குதிரை எழும்பியது' என்று எழுதியிருந்தது. கீழே பயிற்சியாளர் கையெழுத்துக்கு இடம்.

"கல்யாணக் குதிரைன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டேன்.

"சார், நீங்க இப்ப அப்பாவா பேசறீங்க. கொஞ்சம் கோச்சா பாருங்க. பாப்பா நெர்வஸ் டைப். அது நீங்களே சொன்னதுதானே?"

ஆமாம், நான்தான் சொன்னேன். பயந்த பிள்ளை என்று சொல்லித்தான் குதிரை கேட்டேன். எதற்காகச் சொன்னேனோ அதையே அவள்மேல் குற்றமாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறார். பதிவேட்டை அவர் மடியிலேயே வைத்தேன். "நான் கையெழுத்துப் போடமாட்டேன். வேலைக்கும் வரமாட்டேன். அந்தக் குதிரைமேல வேற பிள்ளைய ஏத்தினா, வேலிக்கு வெளிய நானே வந்து நின்னு எல்லா அப்பா அம்மாவுக்கும் சொல்வேன்" என்றேன். "டென்ஷனாகாதீங்க சார்" என்று என் தோளில் கை வைத்தார். தட்டிவிட்டேன்.

அன்று மாலையே பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் முரளி எடுத்த வீடியோ வந்தது. 'குதிரைமேல் பதற்றம் வேண்டாம். பயிற்சியாளர் சொல்வதைக் கேளுங்கள்' என்று அறிவுரையோடு. வீடியோவில் சத்தத்தை எடுத்துவிட்டிருந்தார். மேளம் இல்லை, பேண்டு இல்லை. ஒரு சின்னப் பெண் குதிரைமேல் உதடு அசைக்கிறாள், குதிரை திடீரென்று எழும்புகிறது. பார்க்கிற எவருக்கும் அவள்தான் ஏதோ செய்துவிட்டாள் என்று தோன்றும். பேண்டு அடித்ததை நான் எழுதினேன். என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

அந்த வீடியோவைப் பெர்னியும் பார்த்துவிட்டாள். அம்மாவின் கைப்பேசியில். எத்தனை முறை பார்த்தாளோ தெரியாது.

"அப்பா, ஏழெட்டு எனக்கு மறந்துடுச்சு. அப்ப இழுத்துட்டேன்போல."

"நீ இழுக்கலடா. கடிவாளத்த விட்டுட்டே. நான் பாத்தேன்."

"நீ என் அப்பா. நீ அப்படித்தான் சொல்லுவே."

அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், மருந்து கொடுத்தால் விழுங்குவாள். வாய்ப்பாடு சொல்வதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து தோழிகள் வந்தபோது, "நான் பயந்ததால விழுந்துட்டேன்" என்று யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல அவளே ஒப்பித்தாள். எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடும் என்று டாக்டர் சொன்னார். இது எத்தனை வாரத்தில் கூடும் என்று யாரிடம் கேட்பது? ஒரு பிள்ளையை அதன் பயத்தைக் காட்டியே வாயடைக்கிறவனை என்ன செய்வது? அப்பா என்பதால் என் சாட்சி என் மகளிடமே செல்லாமல் போயிற்று.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வாசலில் ஒரு டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது. ஐம்பத்தைந்து வயது இருக்கும், கால் கொஞ்சம் சாய்த்து நடக்கிற மனிதர்.

"மிலிட்டரி குதிர வாத்தியார் ஊடு இதுதானே? ஸ்டேஷன்கிட்ட கேட்டேன், காட்டினாங்கோ. எம் பேரு பாபு சார். கரையான்சாவடில கீறேன். கல்யாணத்துக்குக் குதிர உடறவன்."

உள்ளே வரச் சொன்னேன். நாற்காலியில் உட்காராமல் கைப்பேசியை நீட்டினார். அதே வீடியோ.

"எங்காளு ஒருத்தன் அனுப்பினான். இதுல கீறது என் ராஜாத்தி சார். முட்டி வலி வந்து கூட ஓட முடியாம வித்தேன். யாரு சார் சவுண்ட புடுங்கனது? புடுங்கிட்டா மட்டும் எனக்குத் தெரியாதா? ரெண்டு வலது, ஒரு எடது, கூடவே கயுத்த வளைக்கும். டிரம்காரன் உருட்டனா எயுந்து நிக்கும். கல்யாண அடி சார் இது!"

"முரளிகிட்ட இதையெல்லாம் சொல்லித்தான் வித்தீங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வாட்டி சொன்னேன். பேண்டு சத்தம் கேக்காத எடமா பாத்து வெய்யி, கொயந்தய ஏத்தாதேன்னு. 'தோட்டத்துல சும்மாதான் நிக்கப்போவுது அண்ணாத்தே'ன்னான். எங்க வேணா வந்து சொல்றேன் சார், எய்திக்குடுக்கறேன்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவன் கெடக்கறான். நீ இன்னா சார், மிலிட்டரில இருந்தேன்ற, சலங்கத் தயும்ப பாத்தா தெரியாதா உனக்கு?"

பெர்னி அறைவாசலில் வந்து நின்றிருந்தாள். இடது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கடிவாளத்த இழுத்துட்டேனா?" என்று அவரிடம் கேட்டாள்.

பாபு வலிக்கிற முட்டியை மடக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவள் உயரத்துக்கு.

"நீ இழுத்தாலும் அது நிக்கும், இழுக்காட்டியும் நிக்கும் கண்ணு. மேலே குந்தினு கீறது நீயா, மாப்ளயா, மூட்டையான்னுகூட அதுக்குக் கவல இல்ல. பேண்டு அடிச்சா ஆடு, உருட்டனா எயுந்துக்கோன்னு நாலு வருசம் வெல்லம் குடுத்துப் பயக்கினவன் நானு. அன்னிக்கு அது என் பேச்சத்தான் கேட்டுச்சு."